டூ அக்கா

பொண்ணு வீடும் இல்லைங்க, மாப்பிள்ளை வீடும் இல்லைங்க. நான் கேம் வீடு.

சிரிக்காதீங்க சார், நெஜமாத்தான் சொல்றேன். இந்த மண்டபத்துல மூணு கட்சி ஒக்காந்திருக்கு. அந்தப் பக்கம் கரூர்ல இருந்து வந்த பொண்ணு வீட்டு ஆளுங்க. இந்தப் பக்கம் நம்ம திண்டுக்கல் மாப்பிள்ளை வீடு. மேடைக்கு நேர் கீழ முன்வரிசையில ஒரு கூட்டம் சத்தம் போட்டுட்டு இருக்கு பாருங்க, ஒருத்தர் கோட்டு, ஒருத்தன் டி-சர்ட்டு, ஒரு பல் டாக்டரு, ஒரு காலேஜ் பையன், ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தமே இல்லாத மாதிரி, அது கேம் கட்சி. அதுக்கு நடுவுல பச்சைப் பட்டு கட்டிக்கிட்டு ஒருத்தங்க இருக்காங்கல்ல, எல்லாரும் அவங்க பக்கமே சாஞ்சு பேசறாங்கல்ல, அதுதான் என் வீட்டுக்காரி. வசுமதி. திருப்பூர்ல ஒரு மெட்ரிகுலேஷன் ஸ்கூல்ல அஞ்சாங் கிளாஸ் டீச்சர்.

அப்புறம் நீங்க ஏன் கடைசி வரிசையில வந்து ஒக்காந்திருக்கீங்கன்னு கேக்கறீங்க. நியாயம்தான். பத்திரிகையில என்ன எழுதியிருந்துச்சு தெரியுங்களா? திருமதி வசுமதி குடும்பத்தார். அந்தக் குடும்பத்தார் நான்தான். பொண்ணு மாப்பிள்ளை ரெண்டு பேரும் என் கில்டு ஆளுங்க. நான் சேத்து வச்ச ஆளுங்க. என் பேரைப் போட ஒரு வரி எடம் இல்லை.

கில்டுன்னா புரியாது உங்களுக்கு. சொல்றேன். பந்தி இப்போதைக்குப் போடற மாதிரி தெரியல.

எஸ்டரான்னு ஒரு ஆன்லைன் கேம் சார். பழசு. அது ஒரு பெரிய உலகம்னு வச்சுக்குங்க. காடு, மலை, ஏரி, சந்தை எல்லாம் இருக்கும். நீங்க ஒரு ஆளை உண்டாக்கி அதுக்குள்ள விடணும். மொத நாள் அவன் வெறுங்கையோட, கிழிஞ்ச சட்டையோட நிப்பான். மொத லெவல். காட்டுப் பன்னிய அடிச்சு, ஓநாய அடிச்சு, கொஞ்சங் கொஞ்சமா லெவல் ஏறணும். ஒரு அளவுக்கு மேல தனியா முடியாது. பத்து இருவது பேர் சேரணும். அந்தக் கூட்டத்துக்குப் பேருதான் கில்டு. ஒருத்தன் மஸ்கட்ல இருப்பான், ஒருத்தி கரூர்ல இருப்பா, அவங்கவங்க வீட்ல ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு ஒரே குகைக்குள்ள போவாங்க. நான் முன்னாடி நின்னு அடி வாங்கற ஆளு. அடி மொத்தமும் என் மேல. பின்னாடி நின்னு எனக்கு உயிர் ஏத்தறதுக்கு ஒருத்தர் இருப்பாங்க. அவங்க ஒரு நொடி அசந்தா நான் செத்தேன். நான் செத்தா அத்தனை பேரும் செத்தாங்க. அவ்வளவு பொறுப்பான வேலைங்க அது. விளையாட்டுன்னு சொல்றோம், பேருக்கு.

மொத மொத அது வந்தப்ப நான் காலேஜ் முடிச்சு சும்மா இருந்த காலம். நானும் இர்ஃபானும் பழைய பஸ் ஸ்டாண்டு பின்னாடி ஒரு பிரவுசிங் சென்டர்லதான் கிடப்போம். இர்ஃபான் என்கூடப் படிச்சவன். அதோ, சந்தனக் கலர் ஜிப்பா. மஸ்கட்ல இருந்து இதுக்குன்னே லீவு போட்டு வந்திருக்கான். காலையில என்னைப் பாத்ததும் கட்டிப்பிடிக்க வந்தான். நான் சட்டை கசங்கிடும்னு நகந்துட்டேன்.

அப்ப எங்க கில்டு பேரு வேங்கை. நான்தான் தலைவன். மாப்பிள்ளை பெல்லார்மின் இந்த ஊர்ல இருந்து அம்பு விடுவான். அந்த உலகத்துல வடக்கு மலை குகைக்குள்ள ஓர்காத்னு ஒரு பூதம் இருக்கு. அதை மொதல்ல சாய்க்கிற கில்டோட பேரை ஊர்ச் சதுக்கத்துல கல்லுல வெட்டி வைப்பாங்க. அந்தக் கல்லுல வேங்கைன்னு வந்திருக்கணும் சார். வரவேண்டியது. நாங்க அதைச் சாய்க்கப் போறோம்னு நாள் குறிச்சு வச்சிருக்கேன், இர்ஃபான் வரமாட்டேங்கறான். அன்னிக்கு அவன் தங்கச்சிக்கு நிக்காஹ்.

ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க. நிக்காஹ் முடிஞ்சு மத்தியானமே பிரியாணி போட்டு அனுப்பிட்டாங்க. எனக்குத் தெரியும், நானும் போயிருந்தேன். சாயங்காலம் ரெண்டு மணி நேரம் வந்து ஒக்காந்தா கொறஞ்சா போயிடும்? தங்கச்சியைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பி வைக்கணும்னான். அவ போற வழி அவளுக்குத் தெரியாதா? மறுநாளே அவனைக் கில்டை விட்டுத் தூக்கினேன். ஒருத்தனை விட்டா எல்லாரும் அப்படித்தான் பண்ணுவாங்க. அதுக்கப்புறம் என்னாச்சுன்னா, அவனவன் தானா கழண்டுக்கிட்டான். எனக்கு அது இன்னி வரைக்கும் புரியல. தப்பு பண்ணவன் அவன், தண்டிச்சவன் நான், ஓடினது மத்தவனுங்க. கொஞ்ச நாள்ல கம்பெனிக்காரனே அந்தக் கேமை இழுத்து மூடிட்டான். அவ்வளவுதான். அந்த உலகமே இல்லைன்னு போச்சு.

நானும் வேலைக்குப் போனேன், கல்யாணம் ஆச்சு, பொண்ணு பொறந்தா. இப்ப ஒரு பனியன் கம்பெனியில புரொடக்ஷன் மேனேஜர். நூத்துக்கணக்கான பேரை மேய்க்கறவன் சார் நான். என் லைன்ல ஒருத்தன் எந்திரிச்சுத் தண்ணி குடிக்கப் போனாலும் எனக்குத் தெரியும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒரு செய்தி வருது. எஸ்டரான் மறுபடி வருதுன்னு. பழசு எப்படி இருந்துச்சோ அப்படியே. அதே காடு, அதே ஏரி, அதே பூதம். ஆனா எல்லாருக்கும் புதுசா ஆரம்பம். பழைய கணக்கு, பழைய லெவல் எதுவும் கிடையாது. எல்லாரும் கிழிஞ்ச சட்டையோட மொத லெவல்ல நிக்கணும். பழைய ஆளுங்களுக்குன்னே இப்படித் தொறக்கறாங்களாம். அந்தச் செய்தியை நாலு தடவை படிச்சேன் சார். உங்களுக்கு என்ன வயசு? உங்க வாழ்க்கையில எங்க கோட்டை விட்டீங்களோ அந்த எடத்துக்கு உங்களைக் கூட்டிட்டுப் போயி, இந்தா மறுபடி பண்ணுன்னு யாராவது சொல்லியிருக்காங்களா? எனக்குச் சொன்னாங்க.

எல்லாரையும் தேடிப் பிடிச்சேன். ஃபேஸ்புக்ல பெல்லார்மினைப் பிடிச்சேன். முப்பத்தெட்டு வயசு, கல்யாணம் ஆகல, மருந்து கம்பெனியில ரெப்பு. இர்ஃபானுக்கு நானே மெசேஜ் போட்டேன். பழசை நான் மறந்துட்டேன்டா, வான்னு எழுதினேன். அவன், நானும் மறந்துட்டேன் மாப்ளன்னு எழுதினான். அவன் எதை மறக்கணும்னு எனக்குப் புரியல. சரி, வந்தானேன்னு விட்டுட்டேன். புதுசா சில பேரும் சேந்தாங்க. உயிர் ஏத்தற ஆளு மட்டும் கிடைக்காம இருந்துச்சு. அப்பத்தான் கரூர்ல இருந்து யசோதா வந்துச்சு. பேங்க்ல வேலை. புருஷன் விட்டுட்டுப் போயிட்டான், ஒரு சின்னப் பையன். நல்ல கை சார் அந்தப் பொண்ணுக்கு. மேடையில நிக்குது பாருங்க, அதுதான்.

மொத மாசம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா இவனுங்களுக்கு ஒரு குணம். ஏறணுங்கற வெறியே கிடையாது. இர்ஃபான் ஏரிக்கரையில ஒக்காந்து மீன் பிடிப்பான். நாள் முழுக்க மஸ்கட்ல வெயில்ல நின்னுட்டு வர்றேன் மாப்ள, இந்தத் தண்ணியைக் கொஞ்ச நேரம் பாத்துட்டு வர்றேன்னுவான். அவன் ஒக்காந்தா பெல்லார்மின் ஒக்காருவான். பெல்லார்மின் ஒக்காந்தா மத்ததும் ஒக்காரும். மீன் பிடிக்கவாடா இத்தனை வருஷம் கழிச்சு வந்தோம்னு கேட்டேன். அதனால நான் ரூல் போட்டேன். எட்டு மணிக்கு எல்லாரும் வந்தாகணும். லீவு வேணும்னா முந்தின நாளே எங்கிட்டச் சொல்லணும். காரணம் சொல்லணும். காரணம் சரியா இல்லையான்னு நான் முடிவு பண்ணுவேன். இதுல என்ன தப்பு?

இப்ப வசுமதிக்கு வர்றேன்.

குகைக்குப் போறதுக்கு மருந்து காய்ச்சணும். அதுக்குச் செடி பறிக்கணும். காடு காடா அலைஞ்சு ஒவ்வொண்ணாப் பறிக்கிற வேலை. தலைவன் அதையெல்லாம் பண்ணிட்டு இருக்க முடியுமா? எங்க பொண்ணு நாமக்கல்ல ஹாஸ்டல்ல படிக்கறா. அவளோட பழைய லேப்டாப் ஒண்ணு வீட்ல சும்மா கிடந்துச்சு. வசுமதியும் ஸ்கூல் விட்டு வந்தா டிவி சீரியல்தான். அவளைக் கூப்பிட்டு ஒக்கார வச்சு, ஒரு கேரக்டர் உண்டாக்கிக் குடுத்தேன். செடி எது, எங்க மொளைக்கும், எப்படிப் பறிக்கறது, எல்லாம் சொல்லிக் குடுத்தேன். பேரு? என் கேரக்டர் பேரு தியாகு. அதனால அதுக்குத் தியாகு டூன்னு வச்சேன். வேற என்ன வைக்கறது. செடி பறிக்கிற ஆளுக்கு.

அவ ஒரு தடவை கேட்டா, ஏங்க இந்தப் பேரை மாத்த முடியாதான்னு. முடியாதுன்னுட்டேன்.

நல்லாப் பறிச்சா. அதுல கொறை சொல்ல மாட்டேன். ஆனா போற வர்றவன்கிட்டயெல்லாம் பேசுவா. அஞ்சாங் கிளாஸ் பசங்களோட பொழங்கற பழக்கம். புதுசா ஒருத்தன் வழி தெரியாம ஓநாய்கிட்ட மாட்டியிருந்தா, நின்னு காப்பாத்தி, எந்த ஊருப்பா, என்ன படிக்கறன்னு கேட்டு, கையில நாலு மருந்தைக் குடுத்து அனுப்புவா. என் மருந்து சார் அது. பூதத்துக்குன்னு சேக்கற மருந்து. பல் டாக்டரை அப்படிப் பிடிச்சதுதான். அந்தக் காலேஜ் பையனும் அப்படித்தான். டூ அக்கா, டூ அக்கான்னு பின்னாடியே வருவானுங்க. அந்தப் பேரு அந்த உலகம் பூராப் பரவிடுச்சு. டூ அக்கா இருக்கற கில்டா உங்க கில்டுன்னு என்கிட்டயே கேட்டான் ஒருத்தன். தியாகு யாருன்னு ஒருத்தனுக்கும் தெரியல. தியாகு டூ தெரியும்.

ராத்திரி சாப்பிடறப்ப அவ இவனுங்க கதையெல்லாம் சொல்லுவா. பல் டாக்டரோட அம்மாவுக்கு மறதி நோயாம். இர்ஃபானுக்கு மூணு வருஷமா ஊருக்கு வர லீவு கிடைக்கலியாம். எனக்கு அவனைக் காலேஜ்ல இருந்து தெரியும், எனக்கு இதெல்லாம் தெரியாது. எதுக்குத் தெரியணும்? எட்டு மணிக்கு வர்றானா இல்லியா, அது போதும்.

கடைசியா நாள் குறிச்சேன். ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம். அன்னிக்கு ஓர்காத்தைச் சாய்க்கறோம். வேற எந்த கில்டும் அது வரைக்கும் சாய்க்கல. குகை வாசல்ல எல்லாரும் நிக்கறாங்க. யசோதா மட்டும் வரல. அது இல்லாம உள்ள காலை வைக்க முடியாது. நிக்கறோம், நிக்கறோம். ரொம்ப நேரம் கழிச்சு வந்துச்சு. சாரி சார், பையனுக்குக் காய்ச்சல், இப்பத்தான் தூங்க வச்சுட்டு வர்றேன்னுச்சு. எனக்கு அந்தப் பழைய நாள் அப்படியே கண்ணு முன்னாடி வந்துடுச்சு. அதே மாதிரி. அதே குகை வாசல்ல. நான் சத்தம் போட்டேன். போட்டேன், இல்லைங்கல. உங்க வீட்டுக் காய்ச்சலை வீட்டோட வச்சுக்கங்க, இங்க இருவது பேர் வேலைவெட்டி இல்லாம நிக்கறோமா, பொறுப்பு இல்லாததாலதான் வீட்லயும் ஆளு தங்கலன்னு சொன்னேன். கோவத்துல வர்ற வார்த்தைதானே.

மைக்குல அந்தப் பொண்ணு அழுகுதுன்னு மட்டும் தெரிஞ்சுது.

அப்ப வசுமதி பேசினா. அவ உள் ரூம்ல இருக்கா, நான் ஹால்ல இருக்கேன். அவ பேசினது ஹெட்ஃபோன்ல ஒரு தடவை, செவுத்துக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு தடவை, ரெண்டு தடவை கேட்டுச்சு எனக்கு. "யசோதா, நீ கம்ப்யூட்டரை அமத்திட்டுப் பையன்கிட்டப் போம்மா. பூதம் எங்கயும் போயிடாது."

அவ்வளவுதான் சொன்னா. கத்தக்கூட இல்லை. கிளாஸ்ல பேசற மாதிரி.

நான், யாரும் போகக் கூடாதுன்னேன். யசோதா போச்சு. பெல்லார்மின், நானும் கெளம்பறேன் அண்ணேன்னான். இர்ஃபான் சொன்னான், "மாப்ள, நீ மாறவே இல்லைடா." சொல்லிட்டுப் போயிட்டான். ஒவ்வொருத்தனா மறைஞ்சானுங்க. கடைசியில அந்தக் குகை வாசல்ல நானும் தியாகு டூவும் மட்டும் நின்னோம். அப்புறம் அவளும் போயிட்டா. போயி அடுப்படியில பாத்திரம் கழுவற சத்தம் கேட்டுச்சு.

மறுநாள் பாத்தா புது கில்டு. ஏரிக்கரைன்னு பேரு. ஒரு கில்டுக்கு வைக்கற பேரா சார் இது? தலைவி தியாகு டூ. இர்ஃபான்தான் ஆரம்பிச்சுக் குடுத்திருக்கான். அவ வேண்டாம்னு சொல்லியிருக்கா, இவனுங்க விடலியாம். அதை அவ வந்து எங்கிட்டச் சொன்னா. சொல்லிட்டு, "நீங்களும் வாங்க. தலைவரா இல்லை, சும்மா வாங்க"ன்னா. சும்மா வாங்கவாம். என் வீட்ல, நான் வாங்கிக் குடுத்த லேப்டாப்புல, என் பேரை வச்சுக்கிட்டு, என்னைச் சும்மா வாங்கங்கறா. நான் டிவியைப் போட்டேன். யசோதாகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுடுங்கன்னும் சொன்னா. அதுக்கு நான் டிவி சத்தத்தைக் கூட்டி வச்சேன்.

சாய்ச்சுட்டாங்க சார். சில வாரம் கழிச்சு, அந்த மீன் பிடிக்கற கூட்டம் போயி ஓர்காத்தைச் சாய்ச்சுட்டாங்க. எனக்கு எப்படித் தெரியும்னா, நான் அன்னிக்கு அடுப்படியில தோசை சுட்டுட்டு இருந்தேன். அவ உள்ள இருந்தா, கதவு சாத்தியிருந்துச்சு. திடீர்னு உள்ள இருந்து சிரிப்புச் சத்தம். வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிற மாதிரி, மூச்சு வாங்கிச் சிரிக்கிற மாதிரி. நான் மொதல்ல யாரோ வந்திருக்காங்கன்னு நெனச்சேன். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல அவ அப்படிச் சிரிச்சு நான் கேட்டதே இல்லைங்க. என்னைத் தோக்கடிச்சதுக்கு அவ்வளவு சந்தோஷம்.

தோசை கருகிடுச்சு. அதையும் நான்தான் தின்னேன்.

சதுக்கத்துக் கல்லுல போய்ப் பாத்தேன். ஏரிக்கரைன்னு வெட்டியிருக்கு. கீழ வரிசையாப் பேரு. மொதப் பேரு தியாகு டூ.

அப்புறம் நான் பண்ணது தப்புன்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க சொல்லுங்க, நடுநிலையா. அந்த அக்கவுண்டு என் பேர்ல இருக்கு. நான் உண்டாக்கின கேரக்டர். நான் வச்ச பேரு. ஒரு நாள் எனக்கு லீவு, அவ ஸ்கூலுக்குப் போயிட்டா. தொறந்தேன். நிஜமா அழிக்கவான்னு அது கேக்கும். ஆமான்னேன். மறுபடி கேக்கும். ஆமான்னேன். தியாகு டூ அழிஞ்சு போச்சு. என் சாமானை நான் எடுத்துக்கிட்டேன், அவ்வளவுதான்.

சாயங்காலம் வந்தா. பையை வச்சா, மொகம் கழுவினா, லேப்டாப்பைத் தொறந்தா. வெளிய வந்து எனக்கு டீ வச்சுக் குடுத்தா. குடுத்துட்டுக் கேட்டா, "அழிச்சது திரும்ப வராதுங்களா?"

"வராது. கம்பெனி ரூல்."

"செரி"ன்னா. போயி கொடியில இருந்து துணியை எடுத்து மடிச்சா.

ஒரு வார்த்தை சண்டை போடல. போட்டிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன். சமாதானம்கூட ஆகியிருப்பேன். அதுக்கு எடமே குடுக்கல பாருங்க. அங்கதான் அவ கெட்டிக்காரத்தனம். அன்னியில இருந்து வீட்ல எல்லாம் நடக்குது, சோறு வருது, டீ வருது, கேட்டதுக்குப் பதில் வருது. அவ்வளவுதான் வருது.

நான் என்ன நெனச்சேன்னா, இதோட முடிஞ்சுது, திரும்ப சீரியலுக்குப் போயிடுவான்னு நெனச்சேன். ரெண்டு நாள் கழிச்சு நான் உள்ள போயிப் பாக்கறேன், மொதக் காட்டுல, அந்தக் காட்டுப் பன்னி திரியற எடத்துல, கிழிஞ்ச துணியோட ஒரு பொம்பளை நிக்குது. தலைக்கு மேல பேரு எழுதியிருக்கு. வசுமதி. அவ அவளா ஒரு அக்கவுண்டு உண்டாக்கி, அவளா பேரு வச்சிருக்கா. அந்த உலகத்துல அது வரைக்கும் அவ பேரு ஒருத்தருக்கும் தெரியாதுங்க. டூ அக்கா பேரு வசுமதின்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

அதோட போச்சா? இல்லை. அவ தனியா நிக்கல. இவனுங்க எல்லாரும் வந்துட்டானுங்க. மாசக்கணக்கா ஏறின ஆளுங்க சார், பூதத்தைச் சாய்ச்ச கவசம் கத்தியெல்லாம் வச்சிருக்கறவனுங்க, அதையெல்லாம் அப்படியே தூக்கிப் போட்டுட்டு, ஆளுக்கொரு புதுக் கேரக்டர், மொத லெவல், கிழிஞ்ச சட்டை. அவ கூடச் சேந்து காட்டுப் பன்னி அடிக்கறானுங்க. நான் மேட்டு மேல நின்னு பாக்கறேன். என் கவசம் வெயில்ல மின்னுது. கீழ அந்தப் பிச்சைக்காரக் கூட்டம் ஒரு பன்னிக்குப் பின்னாடி ஓடுது. யசோதா விழுந்துச்சு, பெல்லார்மின் திரும்பி ஓடிப் போயித் தூக்கினான். மேல இருந்து பாத்தா அது ஒரு வேடிக்கை.

அதுக்கப்புறம்தான் இது ஆரம்பிச்சிருக்கு. இந்தக் கல்யாணம். புதுசா ஏறறதுல மத்தவங்க ஏரியில ஒக்காந்துடுவாங்க, இவங்க ரெண்டு பேரும் மட்டும் நடந்துட்டே இருப்பாங்களாம். ஓநாய்க் காடு பெரிய காடு, நடக்க நேரமாகும். நடந்து நடந்து பேசியிருக்காங்க. அப்புறம் பெல்லார்மின் ஒரு நாள் கரூருக்கே போயி அந்தப் பையனுக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக் குடுத்திருக்கான். வசுமதிதான் ரெண்டு வீட்லயும் பேசினா. வேற மதம்னு இந்தப் பக்கம் முறுக்கிக்கிட்டாங்க, பையன் இருக்கான்னு அந்தப் பக்கத்துப் பெருசுங்க இழுத்தாங்க, அவ லீவு போட்டுட்டு இங்கயும் அங்கயும் அலைஞ்சா.

இப்ப நீங்க சொல்லுங்க. நான் அந்தக் கேரக்டரை அழிச்சிருக்கலன்னா இவங்க மொத லெவலுக்கு வந்திருப்பாங்களா? ஓநாய்க் காட்டுல நடந்திருப்பாங்களா? அப்ப இந்தக் கல்யாணம் யாரால? ஒருத்தனாவது மேடையில மைக்கைப் பிடிச்சு ஒரு வார்த்தை சொன்னானா? அவளுக்கு மட்டும் பொன்னாடை.

நில்லுங்க, கையைக் காட்டறா. ஒண்ணுமில்லை, போட்டோவுக்குக் கூப்பிடறா. நீங்களே எடுத்துக்கங்கன்னு சொல்லிட்டேன். நான் போய் நின்னா யாருன்னு எழுதுவாங்க? குடும்பத்தார்னா?

ஒண்ணு சொல்றேன். உங்களை எனக்கு யாருன்னே தெரியாது, அதனால சொல்றேன். அவகிட்டப் பேச்சுக் குடுத்தா இதைச் சொல்லிடாதீங்க.

கோடை லீவுல ஒரு நாள், சாயங்காலம், நானும் ஒரு புதுக் கேரக்டர் உண்டாக்கினேன். வேவு பாக்கத்தான். என்னைப் பத்தி என்ன பேசறாங்கன்னு தெரியணும்ல. ஏதோ ஒரு பேரைப் போட்டேன். கிழிஞ்ச சட்டையோட நடந்து நடந்து அந்த ஏரிக்குப் போனேன். எல்லாரும் ஒக்காந்திருந்தாங்க. ரொம்ப நேரம் நின்னு கேட்டேன். என்னைப் பத்தி ஒருத்தரும் ஒண்ணும் பேசல. நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. மாம்பழம் என்ன வெலைன்னு பேசிட்டு இருந்தானுங்க.

கெளம்பலாம்னு திரும்பறேன், அவ எழுந்து வந்தா. உள் ரூம்ல அவ தட்டற சத்தம் இங்க ஹால்ல எனக்குக் கேக்குது. திரையில எழுத்து வருது. "புதுசுங்களா? எந்த ஊருங்க?"

சேலம்னு அடிச்சேன்.

"ஏன் நின்னுட்டே இருக்கீங்க, வந்து ஒக்காருங்க. சாப்ட்டீங்களா?"

இல்லைன்னு அடிச்சேன்.

"மொதல்ல போய் சாப்ட்டுட்டு வாங்க. நாங்க இங்கதான் இருப்போம்."

யாரோ ஒரு சேலத்துக்காரன். பேரு தெரியாது, மொகம் தெரியாது. அவனுக்கு அவ்வளவு அக்கறை. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். கட்டின புருஷன் ஒருத்தன் இங்க ஹால்ல ஒக்காந்திருக்கேன், சாப்ட்டியான்னு கேக்க ஆளில்லை. எழுந்து போனேன். டேபிள்ல தட்டுப் போட்டு, எல்லாம் மூடி வச்சிருந்தா. தொட்டுப் பாத்தேன், ஆறிப் போயிருந்துச்சு. ஆறின சோறுதாங்க எனக்கு. போட்டுத் தின்னுட்டு, கையைக் கழுவிட்டுத் திரும்ப வந்து ஒக்காந்தேன்.

அங்கதான் இருந்தாங்க. சொன்ன மாதிரியே.

"வாங்க சேலத்துக்காரரே, சாப்ட்டாச்சா?"

சாப்ட்டேன்னு அடிச்சேன்.

"என்ன கொழம்பு?"ன்னு கேட்டா.

அப்பத்தான் தின்னுட்டு வந்திருக்கேன் சார். கைவாசனை இன்னும் போகல. எதைத் தின்னேன்னு ரொம்ப நேரம் யோசிச்சேன். அவ அங்க காத்திட்டு இருக்கா. கடைசியில சாம்பார்னு அடிச்சேன்.

"எங்க வீட்ல இன்னைக்குக் கொள்ளுக் கொழம்பு"ன்னு அவ அடிச்சா.